எது எங்கே எழுதுகிறது? மெய்நிகர் டெஸ்க்டாப்பில் ப்ரொஃபைலும் பயனர் போட்டுக்கொள்ளும் மென்பொருளும்

தலைமை அலுவலகம் புதுச்சேரியில், கிளைகள் காரைக்காலிலும் மாஹேயிலும் ஏனாமிலும் என்று சிதறிக் கிடக்கும் நிறுவனத்துக்கு மெய்நிகர் டெஸ்க்டாப் நன்றாகப் பொருந்தும்: விண்டோஸ் ஓடுவது சர்வரில், பயனர் முன் வருவது அதன் திரை மட்டும். ஊருக்கு ஊர் ஆள் அனுப்பிக் கணினி பழுதுபார்க்க வேண்டியதில்லை. புதுச்சேரி சர்வர் அறையில் ஒரே ஒரு மூல இமேஜ் (விண்டோஸும் மென்பொருள்களும் நிறுவிய மாதிரி வட்டு) இருக்கும், அதிலிருந்து எத்தனை டெஸ்க்டாப் வேண்டுமானாலும் உருவாகும். பயனர் லாக்-ஆஃப் செய்ததும் அந்த டெஸ்க்டாப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். விண்டோஸ் அப்டேட்டை மூல இமேஜில் ஒரு தடவை போட்டால் மறுநாள் எல்லோருக்கும் போய்ச் சேரும்.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. டெஸ்க்டாப் பழைய நிலைக்குத் திரும்பும்போது வைரஸும் குப்பையும் மட்டும் போவதில்லை, பயனர் அன்று செய்துவைத்த எல்லாமே போகிறது. மறுநாள் காலை தொலைபேசி அடிக்கும். "சார், அவுட்லுக்ல என் சிக்னேச்சரைக் காணோம்" என்பார் ஒருவர். "நேத்து போட்ட சாஃப்ட்வேரையே காணோம் சார்" என்பார் இன்னொருவர். கேட்க ஒரே புகார் போலத் தோன்றினாலும் இவை இரண்டும் வேறு வேறு. முதலாவது பயனரின் சொந்த ஃபோல்டருக்குள் எழுதப்பட்டது, இரண்டாவது பெரும்பாலும் அதற்கு வெளியே எழுதப்பட்டது. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் கருவி வாங்குவதால்தான் பணமும் போய், புகாரும் தீராமல் நிற்கிறது.

ப்ரொஃபைலுக்குள் இருப்பது

சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் பயனர் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்குமே, அதுதான் ப்ரொஃபைல். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற பகுதி. கண்ணில் படாமல் மறைந்திருக்கும் இரண்டு முக்கியமானவை. ஒன்று என்டியூசர்.டாட் என்ற ஃபைல். பயனருக்கு உரிய ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸும் மென்பொருள்களும் அமைப்புகளை எழுதிவைக்கும் பதிவேட்டில், பெரும்பகுதி இதில்தான் இருக்கிறது. மற்றது ஆப்டேட்டா ஃபோல்டர். அதற்குள் ரோமிங், லோக்கல், லோக்கல்லோ என்று மூன்று பிரிவுகள்.

பழைய ரோமிங் ப்ரொஃபைல் முறை லாகினில் எல்லாவற்றையும் சர்வரிலிருந்து நகலெடுத்து, லாக்-ஆஃபில் திருப்பி எழுதும். பல்லாயிரம் சின்னச் சின்ன ஃபைல்களை நெட்வொர்க் வழியே ஒவ்வொன்றாக இழுப்பதால்தான் லாகின் நிமிடக் கணக்கில் நீள்கிறது. இரண்டு டெஸ்க்டாப்பில் ஒரே நேரம் திறந்திருந்தால், கடைசியாக மூடியது மற்றதை அழித்து எழுதும். விண்டோஸ் பதிப்பு மாறும்போது ப்ரொஃபைல் ஃபோல்டர் பெயரின் வாலும் மாறும்: விண்டோஸ் 7-க்கு வி2, விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பிலிருந்து வி6. பழைய வாலில் இருந்த அமைப்புகள் புதியதற்குத் தானாக வராது. எல்லாவற்றுக்கும் மேல், ஆப்டேட்டா லோக்கல் இந்த முறையில் பயணம் செய்வதே இல்லை. குரோமின் புக்மார்க்கும் அவுட்லுக் அஞ்சல்களைச் சேமித்துவைக்கும் ஓஎஸ்டி ஃபைலும் அங்கேதான் இருக்கின்றன.

தமிழ் அலுவலகங்களில் இதன் விளைவு எழுத்துருவில் பளிச்சென்று தெரியும். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, அட்மின் உரிமை இல்லாத பயனரும் தனக்கு மட்டும் எழுத்துரு நிறுவிக்கொள்ளலாம். பாமினியையோ வானவில்லையோ அப்படி நிறுவினால் எழுத்துரு ஃபைல் ஆப்டேட்டா லோக்கலுக்குள் இருக்கும் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் ஃபோல்டருக்குப் போகும். அதைப் பற்றிய பதிவு பயனரின் ரெஜிஸ்ட்ரியில், அதாவது என்டியூசர்.டாட்டில் உட்காரும். ரோமிங் ப்ரொஃபைலில் பதிவு வந்து சேரும், ஃபைல் வராது. வேர்டின் பட்டியலைப் பார்த்தால் குழப்பம், கடிதத்தைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். எழுத்துரு கெட்டுவிட்டது என்று மறுபடி மறுபடி நிறுவிப் பயனில்லை. அலுவலகம் முழுவதும் புழங்கும் எழுத்துருவை மூல இமேஜிலேயே எல்லாப் பயனருக்குமாக நிறுவிவிடுவதுதான் சரி.

விசைப்பலகைக்கும் தனிக் கவனம் வேண்டும். பயனர் தேர்ந்தெடுத்த விசைப்பலகைகளின் வரிசை அவரது ரெஜிஸ்ட்ரியில் கீபோர்டு லேஅவுட், ப்ரீலோடு என்ற இடத்தில் எண்களாக இருக்கும்: அமெரிக்க ஆங்கிலத்துக்கு 00000409, தமிழுக்கு 00000449. ப்ரொஃபைல் ஒழுங்காக வந்து சேர்ந்தாலும் காலையில் தமிழ் 99 காணாமல் போகலாம். ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பு, எதிரே இருக்கும் கணினியின் விசைப்பலகையைத் தன்னோடு கொண்டுவருவதுதான் காரணம். தின் கிளையண்டில் (பயனர் மேசையில் இருக்கும் சிறு கணினியில்) தமிழே இல்லையென்றால் டெஸ்க்டாப்பிலும் ஆங்கிலமே முன்னுக்கு வரும். மூல இமேஜின் இயந்திர ரெஜிஸ்ட்ரியில், சிஸ்டம் பகுதியின் கன்ட்ரோல், கீபோர்டு லேஅவுட் என்ற இடத்தில் இக்னோர்ரிமோட்கீபோர்டுலேஅவுட் என்று ஒரு டிவேர்டு மதிப்பை உருவாக்கி 1 கொடுத்தால் இது நிற்கும். தமிழோடு பிரெஞ்சு விசைப்பலகையும் வைத்திருக்கும் புதுச்சேரி அலுவலகங்களுக்கு இது கட்டாயம் தேவைப்படும். என்எச்எம் ரைட்டர், எ-கலப்பை போன்றவை தனி மென்பொருள்கள். அவற்றையும் மூல இமேஜில் வைத்துவிடுங்கள்.

கன்டெய்னர் முறை

நகலெடுப்பதை விட்டுவிட்டு, ப்ரொஃபைல் முழுவதையும் ஒரே விஎச்டிஎக்ஸ் வட்டு ஃபைலுக்குள் (இதுதான் கன்டெய்னர்) வைத்து, லாகினில் அந்த வட்டை நெட்வொர்க் வழியே மாட்டிவிடுவதுதான் இன்றைய முறை. விண்டோஸ் சர்வர் 2012-இல் யூசர் ப்ரொஃபைல் டிஸ்க் என்ற பெயரில் இது வந்தது. எஃப்எஸ்லாஜிக்ஸ் நிறுவனம் இன்னும் நன்றாகச் செய்தது, 2018-இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கிக்கொண்டது. ரிமோட் டெஸ்க்டாப் சேவைகளுக்கான உரிமம் உட்படப் பெரும்பாலான நிறுவன உரிமங்களோடு சேர்ந்தே வருவதால் தனிச் செலவு இல்லை. ஃபைல் நகலாகாது, தேவையான பகுதி மட்டும் வட்டிலிருந்து படிக்கப்படும். அதனால் ப்ரொஃபைல் 2 ஜிபியாக இருந்தாலும் 20 ஜிபியாக இருந்தாலும் லாகின் நேரம் பெரிதாக மாறாது. ஆப்டேட்டா லோக்கலும் உள்ளேயே இருக்கிறது.

அமைப்பது எளிது. மூல இமேஜில் எஃப்எஸ்லாஜிக்ஸ் ஏஜென்டை நிறுவி, எனேபிள்டு என்ற மதிப்புக்கு 1-உம், விஎச்டிலொகேஷன்ஸ் என்பதற்கு ஷேரின் (கன்டெய்னர்களை வைக்கும் நெட்வொர்க் ஃபோல்டரின்) பாதையையும் கொடுத்தால் வேலை ஓடத் தொடங்கும். ஆனால் அதோடு நிறுத்தினால் பின்னால் வருந்த நேரும். வட்டு வகை இயல்பாக விஎச்டி என்றிருக்கும், அதை விஎச்டிஎக்ஸ் ஆக்குங்கள். டெஸ்க்டாப்பில் அந்தப் பயனருக்கு ஏற்கெனவே ஓர் உள்ளூர் ப்ரொஃபைல் இருந்தால் கன்டெய்னர் மாட்டாது. மூல இமேஜ் தயாரிக்கும்போது யாராவது தம் கணக்கில் உள்ளே போய் வந்திருந்தால் இப்படி நேரும். டிலீட்லோக்கல்ப்ரொஃபைல்வென்விஎச்டிஷுட்அப்ளை என்ற நீளமான பெயருள்ள அமைப்பை 1 ஆக்கினால், பழையதை அழித்துவிட்டுக் கன்டெய்னரை மாட்டும். அட்மின் கணக்குகளை மட்டும் எஃப்எஸ்லாஜிக்ஸ் ப்ரொஃபைல் எக்ஸ்க்ளூட் லிஸ்ட் குழுவில் சேர்த்துவிடுங்கள். ஷேர் கோளாறாகும் நாளில் உள்ளே நுழைய ஒரு வழி வேண்டும்.

ப்ரிவென்ட்லாகின்வித்ஃபெயிலியர் என்ற அமைப்பை நாங்கள் கட்டாயம் என்றே சொல்வோம். இது இல்லையென்றால், கன்டெய்னர் மாட்டாத நாளில் விண்டோஸ் பேசாமல் ஒரு காலி ப்ரொஃபைலைக் கொடுத்து உள்ளே விட்டுவிடும். பயனர் நாள் முழுக்க அதில் வேலை பார்ப்பார், மாலையில் லாக்-ஆஃப் செய்ததும் அத்தனையும் போகும். காலையிலேயே பிழைச் செய்தி வந்து நின்றால் அரை மணி நேரம்தான் வீண்.

ஷேரின் அனுமதிகளில் பலர் தடுமாறுகிறார்கள். பயனர்கள் குழுவுக்கு மாடிஃபை உரிமை, ஆனால் "இந்த ஃபோல்டருக்கு மட்டும்". கிரியேட்டர் ஓனருக்கு மாடிஃபை, "உள் ஃபோல்டர்களுக்கும் ஃபைல்களுக்கும் மட்டும்". அட்மின்களுக்கு முழு உரிமை. இப்படி வைத்தால் ஒவ்வொருவரும் தம் ஃபோல்டரை உருவாக்கிக்கொள்ளலாம், அடுத்தவருடையதைத் திறக்க முடியாது. எல்லோருக்கும் முழு உரிமை கொடுத்துவிட்டால் வேலை நடக்கும். ஆனால் கணக்குப் பிரிவு ஊழியரின் கன்டெய்னரை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போய்த் தம் கணினியில் திறந்து பார்க்கலாம்.

அளவு விஷயத்தில், ஒரு கன்டெய்னருக்கு இயல்பான உச்சவரம்பு 30,000 எம்பி. அது தேவைக்கேற்ப வளரும் வகை. 60 பேர் என்றால் உச்சம் 1.8 டிபி. இப்போது 300 ஜிபிதான் ஆகிறது என்று 500 ஜிபி வால்யூமில் வைத்தால், அது நிறையும் நாளில் ஒருவருக்கு இருவருக்கு அல்ல, எல்லோருக்கும் எழுதுவது நின்றுபோகும். உச்சவரம்பைப் பின்னால் கூட்டலாம், குறைக்க முடியாது. உள்ளே ஃபைலை அழித்தாலும் வெளியே வட்டு ஃபைல் தானாகச் சுருங்காது என்பதும் பழைய தொல்லை. 2210 பதிப்பிலிருந்து லாக்-ஆஃபின்போது அதுவே சுருக்கிக்கொள்கிறது.

வேகக் கணக்கு இதைவிட முக்கியம். மைக்ரோசாஃப்ட் சொல்லும் அளவு, சாதாரண நேரத்தில் பயனருக்கு 10 ஐஓபிஎஸ் (விநாடிக்கு இத்தனை படிப்பு, எழுத்து), லாகின் லாக்-ஆஃப் நேரத்தில் 50. 60 பேர் ஒன்பதரை மணிக்கு ஒன்றாக நுழைந்தால் 3,000. சாதாரண 7,200 ஆர்பிஎம் ஹார்டு டிஸ்க் ஒன்று தருவது 100-க்குள்தான். ஆகவே எஸ்எஸ்டி இல்லாமல் இந்த முறையில் இறங்கவே வேண்டாம். மின்வெட்டு முடிந்து எல்லோரும் ஒரே நிமிடத்தில் திரும்ப நுழையும் நேரத்தையும் சேர்த்தே இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

ஆன்டிவைரஸ் இன்னொரு காரணம். ஷேரில் உள்ள விஎச்டி, விஎச்டிஎக்ஸ் ஃபைல்களையும் அவற்றோடு வரும் பூட்டு (.lock), மெட்டா வகை ஃபைல்களையும் ஸ்கேனிலிருந்து விலக்க வேண்டும், சர்வரிலும் டெஸ்க்டாப்பிலும். மாட்டப்பட்ட வட்டின் உள்ளே இருக்கும் ஃபைல்களை டெஸ்க்டாப்பின் ஆன்டிவைரஸ் எப்படியும் பார்க்கும், அதனால் பாதுகாப்பு குறையாது.

பூட்டு விழுந்தால்

கன்டெய்னர் முறையில் அடிக்கடி வரும் தகராறு இதுதான். வட்டு ஃபைலை ஒரு நேரத்தில் ஒரு செஷன்தான் எழுதத் திறக்க முடியும். டெஸ்க்டாப் பாதியில் உறைந்துபோனாலோ, ஹோஸ்ட் சர்வர் மின்சாரம் இல்லாமல் படுத்தாலோ, ஃபைல் சர்வர் பக்கம் பழைய பிடி அப்படியே நிற்கும். பயனர் புதிதாக நுழையும்போது ஏஜென்ட் 5 விநாடிக்கு ஒரு முறை என 12 முறை முயலும். அந்த ஒரு நிமிடமும் பயனருக்குத் தெரிவது அசையாத திரைதான். பிறகு பிழை.

செய்ய வேண்டியதை வரிசையாகச் செய்யுங்கள். முதலில் அந்தப் பயனருக்கு வேறு டெஸ்க்டாப்பில் துண்டித்த நிலையில் செஷன் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும், ஏனென்றால் பலர் லாக்-ஆஃப் செய்யாமல் விண்டோவை மட்டும் மூடிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். இருந்தால் அதை முறையாக லாக்-ஆஃப் செய்யுங்கள். எங்கும் இல்லை என்று உறுதியான பிறகே, ஃபைல் சர்வரில் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்டின் ஷேர்டு ஃபோல்டர்ஸ், ஓபன் ஃபைல்ஸ் பட்டியலில் அந்த விஎச்டிஎக்ஸைத் தேடி மூடுங்கள். செஷன் உயிரோடு இருக்கும்போது அவசரப்பட்டு மூடினால், ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸின் காலடியிலிருந்து வட்டைப் பிடுங்குவதாகும், என்டியூசர்.டாட் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. என்ன நடந்தது என்று பார்க்க, புரோகிராம்டேட்டாவின் எஃப்எஸ்லாஜிக்ஸ், லாக்ஸ், ப்ரொஃபைல் ஃபோல்டரில் நாள்வாரியாகப் பதிவுகள் இருக்கும்.

கன்டெய்னர் எங்கே இருக்க வேண்டும் என்பதிலும் குழப்பம் வருகிறது. பயனருக்குப் பக்கத்தில் அல்ல, டெஸ்க்டாப் ஓடும் இடத்துக்குப் பக்கத்தில். மாஹே ஊழியர் புதுச்சேரி சர்வரில் ஓடும் டெஸ்க்டாப்பைத் திறந்தால், இணைப்பு வழியே போவது திரையின் படமும் விசையழுத்தங்களும் மட்டுமே. அவரது கன்டெய்னரும் புதுச்சேரியிலேயே இருக்க வேண்டும். மாறாக, டெஸ்க்டாப்புகளை மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஷூரின் தென்னிந்திய மையமான சென்னைக்கு மாற்றிவிட்டு, ஷேரைப் புதுச்சேரி அலுவலகத்திலேயே விட்டால் ஒவ்வொரு சின்னப் படிப்பும் எழுத்தும் இடையிலுள்ள இணைப்பைத் தாண்டிப் போய்வரும். இணைப்பு ஒரு கணம் அறுந்தால் வட்டே கழன்றுவிடும்.

கன்டெய்னரும் காப்பாற்றாதவை

எல்லாம் கன்டெய்னருக்குள் வந்துவிட்டது என்று நினைக்கும்போது கணக்கு மென்பொருளான டாலி வந்து நிற்கும். டாலி பிரைம் தன் தரவை இயல்பாக வைக்கும் இடம் யூசர்ஸ் ஃபோல்டரின் பப்ளிக் பிரிவு. பெயரில் யூசர்ஸ் இருந்தாலும் பப்ளிக் எந்தப் பயனரின் ப்ரொஃபைலும் அல்ல, கன்டெய்னர் அதைத் தொடாது. லாக்-ஆஃப் ஆனதும் அன்றைய வவுச்சர்கள் போய்விடும். டாலியின் தரவுப் பாதையை முதல் நாளே சர்வர் ஷேருக்கு மாற்றிவிட வேண்டும். உரிமமும் அப்படியே. நாளொரு டெஸ்க்டாப்பில் உரிமத்தை ஆக்டிவேட் செய்ய முடியாது, அதை நிலையான ஒரு கணினியில் வைத்து மற்றவை அங்கே போய்க் கேட்கும்படி அமைக்க வேண்டும்.

குரோமில் 2024-இல் வந்த 127-ஆம் பதிப்பும் இதே மாதிரி ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது. குக்கீகளைப் பூட்டும் சாவியை அது அந்தந்த இயந்திரத்தோடு கட்டிவிடுகிறது. கன்டெய்னர் குரோம் ஃபோல்டரைச் சேதமில்லாமல் வேறு டெஸ்க்டாப்புக்குக் கொண்டுபோனாலும் அங்கே சாவி பொருந்தாது, எல்லா இணையதளமும் மறுபடி லாகின் கேட்கும். ப்ரொஃபைல் இயந்திரம் விட்டு இயந்திரம் போகும் இடங்களில் இது ஒத்துவராது என்று கூகுளே சொல்லி, அணைப்பதற்கு அப்ளிகேஷன்பவுண்டுஎன்கிரிப்ஷன்எனேபிள்டு என்ற கொள்கை அமைப்பையும் கொடுத்திருக்கிறது. அணைத்தால் குக்கீத் திருட்டுக்கு எதிரான ஒரு தடுப்பு குறையும் என்பதை அறிந்தே அணைக்க வேண்டும்.

எந்த மென்பொருள் எங்கே எழுதுகிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்டின் பிராசஸ் மானிட்டர் இலவசம். சோதனை டெஸ்க்டாப்பில் அதைத் திறந்து, மென்பொருளின் பிராசஸ் பெயருக்கு ஒரு வடிகட்டி, ரைட்ஃபைல், ரெக்செட்வேல்யூ என்ற இரு செயல்களுக்கு வடிகட்டி போடுங்கள். மென்பொருளைத் திறந்து ஒரே ஓர் அமைப்பை மாற்றி, சேமித்து, மூடுங்கள். வரும் பாதைகளைப் படியுங்கள். பயனர் ஃபோல்டரும் பயனர் ரெஜிஸ்ட்ரியும் மட்டும் என்றால் கன்டெய்னர் போதும். புரோகிராம்டேட்டா, பப்ளிக், சி டிரைவின் வேர், இயந்திர ரெஜிஸ்ட்ரி என்று வந்தால் பாதையை மாற்ற வேண்டும், அல்லது வேறு வழி தேட வேண்டும். ஒரு மென்பொருளுக்குப் பத்து நிமிட வேலை.

பயனர் தாமே நிறுவுபவை

இதில் இரண்டு இனம் உண்டு. விஷுவல் ஸ்டுடியோ கோடின் பயனர் நிறுவல் மாதிரி சில, அட்மின் உரிமை கேட்காமல் ஆப்டேட்டா லோக்கலுக்குள்ளேயே குடியேறும். கன்டெய்னர் இருந்தால் இவை தாமாக நிலைத்துவிடும். நிம்மதி போலத் தெரியும், ஆனால் 60 பேர் நிறுவினால் 60 பிரதிகள், 60 விதமான பதிப்புகள், ஒவ்வொன்றுக்கும் தனி அப்டேட். மூல இமேஜை எவ்வளவு கவனமாகப் புதுப்பித்தாலும் இவற்றின் ஓட்டைகள் அடைபடா. பலரும் கேட்கும் மென்பொருளுக்கு இயந்திரம் முழுவதற்குமான நிறுவல் இருந்தால் அதை மூல இமேஜில் போட்டு, இந்த வகை நிறுவலை ஆப்லாக்கரால் தடுத்துவிடுவதே நல்லது.

இரண்டாவது இனம் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரிலும் இயந்திர ரெஜிஸ்ட்ரியிலும் எழுதுபவை. இவற்றைக் காப்பாற்றத்தான் யூசர் லேயர், ரைட்டபிள் வால்யூம் போன்றவை பிறந்தன. சிட்ரிக்ஸ் 2017-இல் யூனிடெஸ்க்கை வாங்கிப் பெற்றது முதலாவது. விஎம்வேர் 2014-இல் கிளவுட்வால்யூம்ஸை வாங்கிப் பெற்றது இரண்டாவது, அது இப்போது ஆம்னிசா என்ற தனி நிறுவனத்திடம் இருக்கிறது. இரண்டிலும் வேலை ஒன்றே. பயனருக்கு ஒரு தனி வட்டு, இயல்பாக 10 ஜிபி. லாகினில் அது மாட்டப்படும். ஒரு ஃபில்டர் டிரைவர், சி டிரைவில் நடக்கும் எழுத்துகளைப் பிடித்து அந்த வட்டுக்குத் திருப்பும். படிக்கும்போது மூல இமேஜையும் பயனர் வட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரே டிரைவாகக் காட்டும்.

பயனர் வட்டு லாகினில்தான் வருகிறது என்பதிலிருந்தே இதன் எல்லையும் தெரிந்துவிடும். விண்டோஸ் எழும்போதே தேவைப்படும் எதுவும் அதில் இருக்கக் கூடாது: ஆன்டிவைரஸ், விபிஎன் கிளையண்ட், பிரிண்டர் டிரைவர். டிஜிட்டல் கையொப்ப யுஎஸ்பி டோக்கனுக்கான டிரைவரும் இதில் அடங்கும். ஜிஎஸ்டி தாக்கலும் டெண்டரும் செய்யும் அலுவலகத்தில் அதை ஒவ்வொருவரும் தம் லேயரில் நிறுவிப் பார்த்து, ஒரு நாள் வேலை செய்கிறது மறுநாள் இல்லை என்று அலைவார்கள். அது மூல இமேஜில் இருக்க வேண்டியது. எம்எஸ் ஆபீஸ் மாதிரிப் பெரியவற்றையும் யூசர் லேயரில் போடக் கூடாது என்று சிட்ரிக்ஸே சொல்கிறது.

இன்னொரு கோளாறு தாமதமாகத் தலைகாட்டும். பயனர் நிறுவிய ஏதோ ஒன்று பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் டிஎல்எல் ஃபைல் ஒன்றைத் தன் பதிப்பால் மாற்றியிருக்கும். அந்தப் பிரதி பயனர் வட்டில் இருக்கிறது. மூன்று மாதம் கழித்து மூல இமேஜில் புதிய பதிப்பு வருகிறது. பயனர் வட்டு மேலே இருப்பதால், அவருக்கு மட்டும் பழையதே தெரியும். ஐம்பத்தெட்டுப் பேருக்குச் சரியாக ஓடும் மென்பொருள் இரண்டு பேருக்கு மட்டும் விழுந்தால், முதலில் அவர்களது லேயரைக் கழற்றிவிட்டு லாகின் செய்து பாருங்கள். அப்போது ஓடினால் காரணம் அங்கேதான். தீர்வு பெரும்பாலும் லேயரைப் புதிதாக்குவதுதான், அப்போது அவர் நிறுவிய மற்றவையும் போகும்.

ஆகவே எல்லோருக்கும் யூசர் லேயர் கொடுப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. கேட்கிற பட்டியலை ஒரு மாதம் சேர்த்துப் பாருங்கள். பெரும்பகுதி மூல இமேஜிலேயே போடக் கூடியதாக இருக்கும். கணக்குப் பிரிவு மட்டும் பார்க்க வேண்டிய மென்பொருளை எஃப்எஸ்லாஜிக்ஸின் ஆப் மாஸ்க்கிங் விதியால் மற்றவர் கண்ணிலிருந்து மறைத்துவிடலாம், தனி இமேஜ் தேவையில்லை. அதற்கும் அடங்காத நிரலாளரோ வடிவமைப்பாளரோ நான்கைந்து பேர் இருந்தால், லாக்-ஆஃபில் அழியாத நிரந்தர டெஸ்க்டாப் ஒன்றை ஆளுக்குக் கொடுத்துவிடுவது லேயரைக் கட்டி மேய்ப்பதைவிடக் குறைந்த வேலை.

காப்புப் பிரதிக்கு வருவோம். கன்டெய்னர்கள் கழன்றிருக்கும் இரவு நேரத்தில் எடுப்பதே பாதுகாப்பு, திறந்திருக்கும்போது எடுத்த பிரதி மின்சாரம் போனபோது நின்ற கணினியின் நிலையில்தான் இருக்கும். ஒரு பயனரின் ஒரே ஃபைல் தேவைப்பட்டால், பிரதியை டிஸ்க் மேனேஜ்மென்டில் படிக்க மட்டும் என்று மாட்டி அதை எடுத்துக்கொள்ளலாம், முழு ப்ரொஃபைலையும் பின்னுக்குத் தள்ள வேண்டாம். பிரதியை எந்த ஊரில் வைப்பது என்பதையும் யோசித்து முடிவு செய்யுங்கள். தானே புயல் 2011 டிசம்பர் 30-இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30-இல் புதுச்சேரி அருகே கரையேறி, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. சுமார் 130 கிலோமீட்டர் தெற்கே இருக்கும் காரைக்காலும் இதே கரையில், இதே வடகிழக்குப் பருவமழைக்கு நடுவில்தான் இருக்கிறது. மேற்குக் கரையில் இருக்கும் மாஹே கிளையிலோ உள்நாட்டுத் தரவு மையம் ஒன்றிலோ இரண்டாவது பிரதியை வைக்கலாம். மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் காப்புக் கருவி இருந்தால் இரவு முழுவதும் கிடைக்கும் சாதாரண இணைப்பே அதற்குப் போதும். அக்டோபர் பிறக்கும் முன் அந்தப் பிரதியிலிருந்து ஒரு கன்டெய்னரை எடுத்து, சோதனைக் கணக்கில் மாட்டி, அவுட்லுக்கும் தமிழ் எழுத்துருவும் திறக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.